முதலும் வழியும்: ஜே டில்லாவின் ‘டோன்ட் க்ரை’

ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொழுது முழுவதையும் ஏறத்தாழ இரண்டே நிமிடம் ஓடும் ஓர் இசைத்துண்டுக்குக் கொடுப்பது மிகையாகத் தோன்றலாம். அந்தத் துண்டில் யாரும் புதிதாகப் பாடவில்லை, ராப்பும் இல்லை. டெட்ராய்ட் நகரத்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா, பழைய சோல் பாட்டு ஒன்றை எடுத்து, முதலில் ஓடவிட்டு, பிறகு நறுக்கி, வேறு வரிசையில் அடுக்கியிருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘டோன்ட் க்ரை’, அதாவது ‘அழாதே’. லாஸ் ஏஞ்சலஸில் இயங்கும் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சிறு இசை நிறுவனம் 2006 பிப்ரவரி 7 அன்று வெளியிட்ட ‘டோனட்ஸ்’ ஆல்பத்தின் 31 துண்டுகளில் இது 18ஆவது. இதை முன்வைத்து ஒரே ஒரு கருத்தை நிறுவ முயல்கிறேன். நல்ல வெட்டு என்பது ஒரு வாசிப்பு. பிறர் இசையை வெட்டி அடுக்குகிற கலைஞரின் படைப்புவேலை முதலில் காதில் நடக்கிறது. கை அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஹிப்-ஹாப் தயாரிப்பாளரை ‘இசையமைப்பாளரா, இல்லையா’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, அவரை ஓர் உரையாசிரியராகப் பார்த்தால் அவர் என்ன செய்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்.

இப்படிப் பார்ப்பதற்கான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூல் செய்யும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கைச் சொல்கிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து, முன்னோர் சொன்னதோடு ஒத்துப்போய்த் தானும் வேறுபாடு காட்டுவதை வழிநூலின் இயல்பாக வைக்கிறது. இந்த இலக்கணம் நூலுக்கு எழுதப்பட்டது, இசைத்தட்டுக்கு அல்ல. ஆனாலும் அதன் அடியில் இருக்கும் எண்ணம் நமக்குப் பயன்படும். முன்னோர் ஆக்கத்தின் மேல் நின்று செய்யப்படும் ஆக்கம் குறைவுபட்டது என்று அந்த மரபு கருதவில்லை. அதற்கென்று முறை உண்டு, நெறி உண்டு, நல்லது கெட்டது உண்டு என்றே கருதியது. தொகுப்பவர் எதை விடுகிறார், எதை வைக்கிறார், எந்த வரிசையில் வைக்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய அறிவை அளக்கலாம். ‘டோன்ட் க்ரை’யை அளக்கவும் அதே கோல் போதும்.

ஹிப்-ஹாப் பிறந்ததே ஒரு தேர்வில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தை இந்தக் கலையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அங்கே இசைத்தட்டு சுழற்றிய டிஜே கூல் ஹெர்க், கூட்டம் எந்த இடத்தில் எழுந்து ஆடுகிறது என்று கவனித்தவர். பாட்டு நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் அது நடந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை மாறி மாறி ஓட்டி அந்தச் சில விநாடிகளை அவர் நீட்டினார். அவர் புதிதாக ஒரு சுரமும் ஆக்கவில்லை. பாட்டின் உயிர் இருக்கும் இடம் இது என்று ஒரு தீர்ப்பைச் சொன்னார். 1980களில் சாம்ப்ளர் என்னும் கருவி பரவியபோது இந்தத் தீர்ப்பு இன்னும் நுட்பமானது. ஒலியின் ஒரு துண்டைப் பதிவுசெய்து பொத்தானில் ஏற்றி, விரலால் தட்டி ஒலிக்கவைக்க முடிந்தது. இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. எடுத்த துண்டை அப்படியே சுழலவிடுவது லூப். அதையே சிறு சிறு கூறுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானில் வைத்து, புதிய வரிசையில் வாசிப்பது சாப். லூப் அடிப்பவர் ஒரு வரியை எடுத்து மேற்கோள் காட்டுபவரைப் போன்றவர். சாப் செய்பவர் பதம் பிரித்து, கொண்டுகூட்டிப் பொருள் காண்பவர்.

‘டோன்ட் க்ரை’யின் தனித்தன்மை அது இந்த வேலையை ஒளிவுமறைவின்றிக் காட்டுவதில் இருக்கிறது. தொடக்கத்தில் எஸ்கார்ட்ஸ் என்ற குழுவின் சோல் பாட்டு ஏறத்தாழ அப்படியே ஓடுகிறது. குரல்கள் இழைந்து, ஒரு காதலனின் தவிப்பைச் சொல்கின்றன. வாக்கியம் முழுதாக வருகிறது, இசைச்சொற்றொடரும் தன் இயல்பான முடிவை நோக்கி நடக்கிறது. பிறகு நறுக்கல் தொடங்குகிறது. சொற்கள் அசைகளாகின்றன, இசைக்கருவிகளின் தாக்கொலியும் குரலின் நுனியும் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டு வருகின்றன, எந்த வாக்கியமும் முடிவதில்லை. ஆனால் சோகம் போய்விடவில்லை. இந்த இடத்தில் டில்லாவின் வாசிப்பு வெளிப்படுகிறது. மூலப்பாடலின் துயரம் அதன் சொற்களில் இருந்திருந்தால், சொற்கள் உடைந்ததும் அதுவும் கலைந்திருக்க வேண்டும். அது கலையாததால், துயரம் குரலின் மணத்தில், மூச்சு எடுக்கும் இடத்தில், ஓர் உயிரெழுத்து நீளும் விதத்தில் இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஒரு திறனாய்வாளர் இதைச் சொல்ல ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். டில்லா முதலை முன்னேயும் வழியைப் பின்னேயும் வைத்து, ஒப்பிடும் பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார்.

பெயரையும் பாருங்கள். மூலப்பாடலின் தலைப்பு, நீ அழுவதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை என்ற பொருளுடையது. தன்மை இடத்தில் நின்று தன் நிலையைச் சொல்வது. டில்லா வைத்த பெயர் முன்னிலை ஏவல். தவிப்பைச் சொல்லும் ஒரு வாக்கியத்திலிருந்து ஆறுதல் சொல்லும் ஒரு சொல் பிறந்திருக்கிறது. இசையில் நடப்பதும் இதுவே. முதற்பகுதியில் தாங்கமுடியாமல் நீளும் குரல், இரண்டாம் பகுதியில் தாளத்தின் மேல் ஊன்றி நிற்கிறது. அழுகை நடையாகிறது. பாடியவர்கள் யார் என்று அறிந்தால் இந்த ஊன்றுதலுக்கு இன்னொரு கனம் கூடும். எஸ்கார்ட்ஸ், நியூ ஜெர்சியின் ராவே சிறைச்சாலையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய குழு. ஜார்ஜ் கெர் என்ற தயாரிப்பாளர் அவர்களைக் கண்டெடுத்துப் பதிவுசெய்தார். முதல் ஆல்பம் 1973இல் வந்தது. காதற்பாட்டு என்ற உறைக்குள் அவர்கள் பாடிய பிரிவு, வெறும் நாடகப் பிரிவாக இருந்திருக்க முடியாது. இந்த வரலாறு டில்லாவின் துண்டில் ஒரு சொல்லாகக்கூட இடம்பெறவில்லை. ஆயினும் குரலின் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது என்ற தேர்வில், அந்தக் குரல்கள் சுமந்த எடை கைவிடப்படவில்லை.

இனி டில்லாவின் நடைக்கு வருவோம். ஜேம்ஸ் டிவிட் யான்சி என்ற இயற்பெயருடைய அவர் 1974இல் பிறந்தவர். டெட்ராய்ட் இசைக்கலைஞர் ஆம்ப் ஃபிட்லர் அவருக்கு ஆகாய் நிறுவனத்தின் எம்பிசி என்ற சாம்ப்ளர் கருவியை அறிமுகம் செய்தார். பிற்பாடு டில்லா பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோஜர் லின் வடிவமைத்த அந்தக் கருவியில் 16 பொத்தான்கள் உண்டு. விரல் சற்று முந்தியோ பிந்தியோ தட்டினால், கருவியே அதைச் சரியான கட்டத்துக்கு இழுத்துவைக்கும் வசதியும் உண்டு. ஓர் அடியை அது 96 நுண்கூறுகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு நுண்கூறு ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. கருவியை அதன் போக்கில் விட்டால் எல்லா ஒலிகளும் கட்டத்துக்குள் அடங்கி உட்காரும். டில்லா அந்த அடக்கத்தைக் கலைத்தார். ஸ்னேர் டிரம்மைச் சற்று முந்தவைத்து, கிக் டிரம்மை அலையவிட்டு, ஹை-ஹாட்டை வேறொரு சீரில் வைத்தார். ஒரு கை நேர்நடையிலும் மறுகை துள்ளல்நடையிலும் இருப்பதுபோன்ற இந்த நிலையை, டான் சார்னஸ் 2022இல் எழுதிய ‘டில்லா டைம்’ நூல் விரிவாக ஆராய்கிறது. நேர்காலத்தையும் துள்ளுகாலத்தையும் ஒரே பொழுதில் மோதவிடும் மூன்றாவது காலமுறை என்பது அந்நூலின் வாதம்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு எடுப்பு என்ற கருத்து தெரியும். தாளத்தோடு சேர்ந்து பாட்டு தொடங்கினால் சமம், முந்தினால் அதீதம், பிந்தினால் அனாகதம். டில்லா செய்வதும் அதுதானே என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அப்படிச் சொன்னால் இரண்டையும் குழப்பிவிடுவோம். அதீதமும் அனாகதமும் எண்ணக்கூடியவை. கால் அடி, அரை அடி என்று கையில் போட்டுக் காட்டலாம். டில்லாவின் விலகலைக் கையால் எண்ண முடியாது. அது ஒரு சாய்வாக மட்டுமே உடலுக்குத் தெரியும். எனினும் ஓர் ஒப்புமை உறுதியாக நிற்கிறது: விலகலுக்குப் பொருள் வரவேண்டுமானால் தாளம் அசையாமல் எங்கோ இருந்தாக வேண்டும். தாளம் தெரியாதவர் தவறினால் அது பிழை. தாளத்தை உள்ளே போட்டுக்கொண்டிருப்பவர் விலகினால் அது எடுப்பு. இந்த நுட்பத்தை அக்காலத்திய வாத்தியக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். பாடகர் டி’ஆஞ்செலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் (2000) டிரம் வாசித்த குவெஸ்ட்லவும் பேஸ் கித்தார் வாசித்த பினோ பல்லடினோவும் டில்லாவின் பாணியில் தளர்ந்து வாசிக்கப் பயின்றார்கள். இயந்திரத்தின் மூலம் ஒருவர் கண்டெடுத்த தளர்ச்சியைப் பிற மனிதர்கள் பயிற்சி செய்து கைக்குக் கொண்டுவந்தார்கள். ‘இது வெறும் இயந்திர வேலை’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல மறுமொழியை வாதத்தால் தர இயலாது.

‘டோன்ட் க்ரை’யில் இந்தக் காலவுணர்வு டிரம்மைத் தாண்டி வெட்டுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்குகிறது என்பது போலவே எங்கே அறுபடுகிறது என்பதும் தாளமாகிறது. ஒரு குரலைச் சற்று முன்னதாக வெட்டினால் அது விக்கலாகும். சற்று விட்டு வெட்டினால் பெருமூச்சாகும். மூலப்பாடலின் காலமும் புதிய அடுக்கின் காலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகின்றன. முதற்பகுதியைக் கேட்டு அடுத்து என்ன வரும் என்று காது எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கும். அந்த எதிர்பார்ப்பை இரண்டாம் பகுதி பாதியில் நிறுத்தி, வேறோரிடத்தில் நிறைவேற்றுகிறது. மூலத்தை முதலில் ஓடவிட்டது பெருந்தன்மைக்காக மட்டுமல்ல என்பது இதனால் விளங்கும். கேட்பவரின் நினைவே இங்கே ஒரு வாத்தியம். அதற்குச் சுருதி சேர்க்கவே அந்த முன்பகுதி.

இனித் தடைகள். முதலாவதும் வலுவானதும், இது திருட்டு என்பது. சட்டம் இந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. 1991இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், கில்பர்ட் ஓ’சல்லிவன் பாட்டை எடுத்தாண்ட ராப் கலைஞர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திருட்டைக் கண்டிக்கும் வேதாகமக் கட்டளையையே துணைக்கு அழைத்தது. 2005இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒலிப்பதிவிலிருந்து எடுக்கும் துண்டு எவ்வளவு சிறிதானாலும் உரிமம் வேண்டும் என்றது. தமிழ்க் காதுக்கு இது தொலைதூரத்து வழக்கு அல்ல. ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு, பாடகி எம்.ஐ.ஏ.யின் ‘பாம்பூ பாங்கா’வில் (2007) சுழல்கிறது. நம் பாட்டை யாரோ நறுக்கினால் வரும் கூச்சம் உண்மையானது. எஸ்கார்ட்ஸ் குழுவை நேசிப்பவருக்கும் அதே கூச்சம் இருக்கும். என் மறுமொழி இரண்டு பகுதிகளாக வரும். கூலி கொடுக்கப்பட வேண்டும். படைப்பு சிறந்தது என்பது கடனைத் தள்ளுபடி செய்யாது. பெரும்பாலான ஒலிப்பதிவுகளின் உரிமை பாடியவர்களிடம் இல்லாமல் நிறுவனங்களிடம் இருப்பதால், சிறையில் பாடியவர்களுக்கு உரியது உரியவர்களிடம் போய்ச் சேருமா என்ற கேள்வி இன்னும் கசப்பானது. ஆனால் கூலிக் கேள்வி வேறு, கலைக் கேள்வி வேறு. உரிமம் வாங்கிய சப்பையான வெட்டும் உண்டு, வாங்காத ஆழமான வெட்டும் உண்டு. திருடர் எடுத்ததை மறைப்பார். டில்லா இங்கே எடுத்ததை முன்னால் நிறுத்தி, தான் செய்ததை அதன் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்கிறார்.

இதிலிருந்தே இரண்டாவது தடை எழுகிறது. இந்த ஒரு துண்டு மூலத்தைக் காட்டுகிறது. ஹிப்-ஹாப்பின் பெரும்பகுதி மூலத்தை ஒளிக்கிறதே, அதற்கு உங்கள் உரையாசிரியர் வாதம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஒளிப்பது உண்மை. கூல் ஹெர்க்கே போட்டியாளர்கள் கண்டுபிடிக்காதபடி இசைத்தட்டுகளின் லேபிளை நீரில் ஊறவைத்து உரித்தவர். அது தொழில் இரகசியம். பிற்காலத்தில் வழக்குக்கு அஞ்சியும் ஒளித்தார்கள். ஆனால் ஒளிப்பதனால் வாசிப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. மூலபாடம் தொலைந்த உரையை நாம் இன்னும் உரையாகத்தான் படிக்கிறோம், சரிபார்ப்பதுதான் கடினமாகிறது. ‘டோன்ட் க்ரை’ அந்தக் கடினத்தை ஒருமுறை நீக்கிக்காட்டுகிறது. மற்றத் துண்டுகளில் மறைவாக நடப்பது என்ன என்பதற்கு இதை ஒரு திறவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, தடை என்பதைவிட, புகழ்ச்சியின் உருவில் வரும் ஆபத்து. டில்லா தன் 32ஆவது பிறந்தநாளில் இந்த ஆல்பம் வெளியாவதைக் கண்டு, மூன்றே நாளில், 2006 பிப்ரவரி 10 அன்று இறந்தார். அரியதொரு இரத்த நோயும் லூபஸும் அவரை வாட்டின. ஆல்பம் முழுவதும் மருத்துவமனைப் படுக்கையில் செய்யப்பட்டது என்ற கதை பரவி, ‘அழாதே’ என்பது தாய்க்கு மகன் விட்டுச்சென்ற சொல்லாகவே கேட்கப்படுகிறது. ஆனால் இதன் அடிப்படை ஒரு பீட் டேப். ராப் கலைஞர்கள் தேர்ந்தெடுப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சிறு சிறு பீட்களை வரிசையாகத் தொகுத்துக் கொடுப்பது தொழில் வழக்கம். அதில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே உருவானது என்பதையும், ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தின் கலை இயக்குநர் ஜெஃப் ஜாங்க் அதை ஆல்பத்தின் அளவுக்கு நீட்டித் தொகுத்தார் என்பதையும் சார்னஸ் எடுத்துக்காட்டுகிறார். மரணத்தின் நிழலை முற்றிலும் மறுக்கவேண்டியதில்லை. நோயுற்றிருந்தவர் செய்த இசைதான் இது. ஆனால் கண்ணீர்க் கதையைச் சான்றாக வைத்தால், அந்தக் கதை ஆட்டம்காணும்போது கலையும் ஆட்டம்காணும். வெட்டைச் சான்றாக வைத்தால் அப்படி எதுவும் ஆகாது. படுக்கையில் செய்தாலும் மேசையில் செய்தாலும் அந்த அசை அந்த இடத்தில்தான் அறுபடுகிறது.

அப்படியானால் இது டில்லாவின் ஆல்பமா, ஜாங்கின் ஆல்பமா என்று கேட்பவர்களுக்குச் சங்கத் தொகைகள் துணைநிற்கும். பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று மூவரையும் தனித்தனியே நினைவில் வைத்த மரபு நம்முடையது. தொகுத்தவர் இருந்ததனால் பாடியவரின் புகழ் குறையவில்லை. தொகுப்பின் அமைப்பும் இங்கே பொருளுடையது. ‘டோனட்ஸ்’ என்ற ஆல்பம் ‘அவுட்ரோ’ என்று பெயரிட்ட, அதாவது முடிவுரையான, துண்டோடு தொடங்குகிறது. காட்சிக்கு வரவேற்கும் பெயருள்ள துண்டோடு முடிகிறது. அந்தக் கடைசித் துண்டின் முடிவு முதல் துண்டின் தொடக்கத்தோடு இணைகிறது. ஈறும் முதலும் சேர்ந்து மண்டலித்து நிற்கும் அந்தாதியின் அமைப்பு இது. நடுவில் ஓட்டையுள்ள வட்டமான அந்தத் தின்பண்டத்தின் வடிவும் இதுவே, சுழலும் இசைத்தட்டின் வடிவும் இதுவே. சுமார் 43 நிமிடத்தில் 31 துண்டுகள் என்றால் சராசரியாக ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. துண்டுகள் வளரும் முன்னே முடிகின்றன என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. வளர்ச்சி துண்டுக்குள் நடக்கவில்லை, வட்டத்தில் நடக்கிறது என்பதே அதற்கு மறுமொழி.

வட்டம் என்பதால் ‘டோன்ட் க்ரை’ மறுபடியும் வந்தே தீரும். அப்போதுதான் அதன் முழு வேலையும் தெரிகிறது. முதன்முறை கேட்கையில் தொடக்கப் பகுதி மூலமாகவும் பின்பகுதி அதன் சிதைவாகவும் படலாம். இரண்டாம் முறை, எங்கே வெட்டு விழும் என்று காதுக்குத் தெரியும். மூலப்பாடல் இன்னும் முழுதாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த அசை தனியே பிரிந்து வரப்போகிறது, இந்த மூச்சு இன்னொரு மூச்சோடு சேரப்போகிறது என்று காது அதை நறுக்கத் தொடங்கிவிடுகிறது. சிறைக்குள் இருந்தவர்கள் பாடிய அந்தப் பாட்டில் முன்பு நழுவவிட்ட நுணுக்கங்கள், வெட்டைக் கேட்ட பிறகே கேட்கின்றன. நல்ல உரையைப் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்புபவருக்கு நேர்வதும் இதுதான். பாடம் மாறியிராது, படிப்பவர் மாறியிருப்பார். வழிநூல் முதல்நூலுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய மரியாதை, அதை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து கேட்கவைப்பது. அந்த மரியாதையை இந்த இரண்டு நிமிடத் துண்டு செய்து முடிக்கிறது.